வேகன் பெட்டரி பற்றி நான் போட்ட பதிவு பிழையானது



கடந்த வியாழக்கிழமை இரவு இந்தப் பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருந்தேன். கிளச் பிளேட் மாற்றக் கொடுத்த என் வேகனில் இருந்த, ஏழு மாதமே பாவித்த பெட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டுப் பழைய பெட்டரி ஒன்றை வைத்துத் தந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன். கராஜின் பெயரை எழுதவில்லை. எந்த வீதி என்று எழுதியிருந்தேன். நம் ஊரில் அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? நாலாவது கொமன்டிலேயே பெயர் வந்துவிட்டது. நான் அதைப் பார்த்தேன். அழிக்கவில்லை.

அந்தப் பெட்டரி என்னுடையதுதான். யாரும் மாற்றவில்லை. நீளமான பதிவுகளை நாம் யாரும் கடைசிவரை வாசிப்பதில்லை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரமுள்ளவர்கள் மீதியையும் வாசியுங்கள். பழைய வாகனம் வைத்திருப்பவர்களுக்குப் பிரயோசனப்படும்.

என்னுடையது கொரோலா டீ.எக்ஸ். வேகன், 1985 மொடல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிட்டு மாற்றுவோம் என்று இருந்தேன். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள்தான். ஆனால் விலையைக் கேட்டுவிட்டு, இருக்கிற வேகனுக்குக் கிளச் பிளேட் போடுவதே புத்தி என்று முடிவெடுத்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். பின் சக்கரம் இழுக்கும் வாகனம் என்பதால் கிளச் மாற்ற வேண்டுமென்றால் கார்டன் ஷாப்டைக் கழற்றி, ஸ்டார்டர் மோட்டாரைக் கழற்றி, கியர் பொக்ஸை முழுதாக இறக்க வேண்டும். சனிக்கிழமை கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் தந்தார்கள். அங்கேயே ஸ்டார்ட் ஆனது, வீடு வந்தேன். புதன்கிழமை பாடசாலைக்குப் போனேன். பகல் திரும்பும்போது சாவியைத் திருப்பினால் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றியது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை உம்மாவுக்கு மட்டக்களப்பில் கிளினிக். ஸுபஹ் தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. ஏழெட்டுத் தடவை முயற்சி செய்தேன். டேஷ்போர்ட் பக்கமிருந்து பிளாஸ்டிக் எரிகிற வாடை வந்தது. பள்ளியால் வந்துகொண்டிருந்த மூன்று பேர் தள்ளிவிட்டார்கள், இரண்டாவது கியரில் பிடித்துக்கொண்டது. உம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன்.

களுவாஞ்சிக்குடிச் சந்தியில் ஒரு பஸ்ஸுக்காக நிறுத்தியபோது எஞ்சின் நின்றுவிட்டது. அது என் கால் செய்த வேலை. புதுக் கிளச் பிளேட் போட்டால் பெடல் பிடிக்கிற உயரம் மாறிவிடும், எனக்கு இன்னும் பழகவில்லை. மறுபடி 'டிக்'. பின்னால் ஹோன் அடிக்கிறார்கள். நான் இறங்கி ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், திரும்பிப் பார்த்தால் உம்மா கதவைத் திறந்து இறங்கி, வேகனின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எழுபத்தொரு வயது, போவது இருதயக் கிளினிக்குக்கு. "நீ ஏறு மகன், நான் தள்ளுறன்" என்கிறார்.

அந்த இடத்திலேயே என் புத்தி போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரப் பொடியன்மார் ஓடிவந்து தள்ளினார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது நம்பர் கொடுத்து முடிந்துவிட்டது. பகல் இரண்டு மணி வரைக்கும் காத்திருந்து ஒருவாறு காட்டிவிட்டு வந்தோம். எஞ்சினை நிறுத்தினால் மறுகா தள்ளவேண்டும் என்று, தெரிந்தவர் ஒருவருடைய வளவில் அதை ஓடவிட்டு, அவரையே காவலுக்கு வைத்திருந்தேன். வருகிற வழி முழுவதும் மனதுக்குள் பதிவு எழுதிக்கொண்டே வந்தேன்.

பின்னேரம் பக்கத்து வீட்டுக் காக்கா தன் வேனைக் கொண்டுவந்து ஜம்பர் வயர் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் 'டிக்'தான். "சேர், ஒங்கட பெட்டரிய மாத்திட்டானுகள். இது செத்த பெட்டரி, என்ட வேன்ட கரண்டயும் சேத்து இழுக்கிது" என்றார். எனக்கு அது வேதவாக்கு மாதிரி இருந்தது. பெட்டரியைப் பார்த்தேன். ஸ்டிக்கர் அழுக்காக, ஓரம் கிழிந்திருந்தது. என்னுடையது இப்படிக் கிழிந்திருக்கவில்லையே என்று தோன்றியது. உண்மையில் அந்த ஸ்டிக்கர் முன்பு எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. யார்தான் தன் பெட்டரி ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஆனால் அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது. எரிந்த வாடையையும் விடவில்லை. 'வயரிங்கிலும் கை வைத்திருக்கிறார்கள்' என்று அதையும் பதிவில் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கை கொடுக்கிற ஆட்கள் எல்லாம் பெட்டரியைப் பற்றியே கேட்டார்கள். நல்ல வேலை செய்தீர்கள் சேர், இப்படி யாராவது எழுதத்தான் வேண்டும் என்றார்கள். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நினைப்பு. அந்தக் கராஜ் தம்பியும் அதே பள்ளியில்தான் தொழுதார். என்னைக் கண்டதும் மற்ற வாசலால் போனார். குற்றம் செய்தவன் முகத்தைக் காட்ட மாட்டான் என்று அதற்கும் ஒரு விளக்கம் என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஒருவர் கொமன்டில், "பொலிஸில் என்ட்ரி ஒன்று போடுங்க சேர், பெட்டரி சீரியல் நம்பர் இருந்தாப் போதும்" என்று எழுதியிருந்தார். சரி என்று அலுமாரியைத் திறந்தேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பையில் பெட்டரியின் வொரண்டி காட் இருந்தது. நம்பரைக் குறித்துக்கொண்டேன். 'இந்த நம்பர் பெட்டரி இப்போது வாகனத்தில் இல்லை' என்று என்ட்ரியில் சொல்ல வேண்டுமே என்பதற்காக, வேகனில் இருப்பதன் நம்பரையும் எடுக்க டோர்ச்சோடு போனேன்.

இரண்டும் ஒரே நம்பர்.

மூன்று தடவை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஒரே நம்பர்தான். வியாழன் இரவு ஒன்பதரை மணிக்கு அந்தப் பதிவை எழுதிய மேசைக்கும் அந்த அலுமாரிக்கும் இடையில் ஆறு அடி தூரம் இருக்காது.

அதற்குப் பிறகுதான் நான் வாகனத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். அதுவரைக்கும் ஆளைப் பற்றித்தான் யோசித்திருந்தேன்.

அன்றைக்குச் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு இருந்தது. முடித்துவிட்டு, ஆய்வுகூடத்தில் பதிவேட்டில் கையொப்பம் வைத்துப் பல்மானி ஒன்றை எடுத்து வந்தேன். அஸருக்குப் பிறகு மகனை உள்ளே உட்கார வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பெட்டரியின் இரண்டு முனைக்கும் இடையில் 12.5 வோல்ட். நல்ல பெட்டரி. பெரிய லைட்டைப் போட்டுவிட்டு மகனைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டிக்'. ஆனால் லைட் பெரிதாக மங்கவில்லை. இதை வியாழக்கிழமையே பார்த்திருக்கலாம். பெட்டரி செத்திருந்தால், ஸ்டார்டர் இழுக்கிற இழுவையில் லைட் செத்துப்போகும். லைட் அப்படியே நிற்கிறது என்றால் பெட்டரியில் கரண்ட் இருக்கிறது, ஸ்டார்டருக்குப் போய் வரத்தான் வழி இல்லை.

அடுத்ததாக, பல்மானியின் ஒரு கம்பியைப் பெட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். சாவியைத் திருப்பும்போது அங்கே அரை வோல்ட் கூட காட்டக்கூடாது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய இடங்கள். எனக்கு 8 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

பதினெட்டு வருடமாக நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். உலர்மின்கலம், ஆளி, மின்குமிழ். சுற்று பூரணமாக இருந்தால்தான் குமிழ் எரியும், போகிற கம்பி மட்டும் போதாது, திரும்பி வருகிற கம்பியும் வேண்டும். சைக்கிள் டைனமோ லைட்டுக்கு ஏன் சேர் ஒரு வயர்தான் போகிறது என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்கும். சைக்கிளின் இரும்புச் சட்டம்தான் மற்ற வயர் என்று சொல்வேன், முகம் மலரும். வாகனமும் அப்படித்தான். பெட்டரியின் பொசிட்டிவிலிருந்து வயர் போகிறது, திரும்பி வருவது பொடியாலும் எஞ்சினாலும். ஆனால் எஞ்சினும் கியர் பொக்ஸும் பொடியில் நேராக உட்காரவில்லை, இறப்பர் மவுண்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. இறப்பரால் கரண்ட் போகாது. அதனால் பொடியையும் எஞ்சினையும் இணைக்க ஒரு தடித்த எர்த் வயர் இருக்கும். என் வேகனில் பழைய சொந்தக்காரர் யாரோ பெட்டரியின் நெகட்டிவைப் பொடியில் பிடித்துவிட்டு, அங்கிருந்து ஒரு பின்னல் வயரைக் கியர் பொக்ஸ் போல்ட் ஒன்றுக்குக் கொடுத்திருந்தார்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு கீழே படுத்தேன். பின்னல் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. முனையிலிருந்த வளையம் மட்டும் பளபளவென்று இருந்தது. போல்ட் இருந்த இடத்தில் துவாரம். கியர் பொக்ஸை ஏற்றும்போது அந்த ஒரு போல்ட்டைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்பனரால் இறுக்க மறந்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை வளையம் ஒட்டிக்கொண்டிருந்ததால் ஸ்டார்ட் ஆனது. புதன்கிழமை தளர்ந்து சோம்பலாகச் சுற்றியது. வியாழன் காலையில் போல்ட் எங்கேயோ விழுந்துவிட்டது.

அப்படியானால் எரிந்த வாடை? சோக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். மேலுறை உருகி, கம்பி தெரிந்தது. ஸ்டார்டர் கேட்பது நூறு அம்பியருக்கும் மேல். திரும்பிப் போகத் தடித்த வயர் இல்லாதபோது, எஞ்சினையும் டேஷ்போர்டையும் இணைக்கிற மெல்லிய சோக் கேபிளால் அது போகப் பார்த்திருக்கிறது. ஏழெட்டுத் தடவை திருப்பி அதைச் சுட்டது நான். வயரிங்கில் கை வைத்தது யாரென்று பார்த்தால், நான்தான்.

தள்ளினால் ஸ்டார்ட் ஆனதும் இதனால்தான். பிளக்கில் நெருப்பு வர மூன்று நான்கு அம்பியர் போதும், அதற்கு அந்தக் கேபிளே காணும். நான் அதைப் பெட்டரி செத்ததற்கு அத்தாட்சி என்று எடுத்துக்கொண்டேன். காக்காவின் ஜம்பர் வயர் வேலை செய்யாததும் அதனால்தான். கறுப்பு வயரை நாங்கள் என் பெட்டரியின் நெகட்டிவில் பிடித்தோம். கடைசிக் கறுப்புப் பிடியை எஞ்சினின் இரும்பில் பிடிக்க வேண்டும் என்றுதான் முறை. பெட்டரிக்குக் கிட்ட நெருப்புப் பொறி பறக்கக்கூடாது என்பதற்காகச் சொல்வது அது. முறைப்படி செய்திருந்தால் அந்த இடத்திலேயே ஸ்டார்ட் ஆகியிருக்கும், நானும் பதிவு போட்டிருக்க மாட்டேன். வேறொரு பெட்டரி கொடுத்தும் 'டிக்' என்றால் பெட்டரியில் பிழை இல்லை என்பதை ஒரு தரம் 9 பிள்ளையிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்.

காக்காவிடம் அந்தக் கறுப்பு வயரை மட்டும் வாங்கி, ஒரு பக்கத்தைப் பெட்டரி நெகட்டிவிலும் மறு பக்கத்தை எஞ்சின் தூக்குகிற கொளுவியிலும் பிடித்தேன். மகன் சாவியைத் திருப்பினான். ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. மகன் உள்ளே இருந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இஷாவுக்குப் பிறகு அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. பிழை அவர்களிடமும் இருக்கிறதே, போல்ட்டை இறுக்காமல் விட்டது அவர்கள்தானே, உம்மா நடுச் சந்தியில் நின்றாரே. எல்லாம் உண்மை. ஆனால் நான் எழுதியது மறதியைப் பற்றி அல்ல. களவு என்று எழுதினேன். காலைக் கூட்டத்தில் ஸூரத்துல் ஹுஜுராத்தை வைத்துப் பிள்ளைகளுக்கு நான் பேசியது போன தவணையில்தான்.

அவர் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர். வாசலுக்கு வந்து, "உள்ள வாங்க சேர்" என்றார். அவருடைய மனைவி உள்ளே போய்விட்டார், தேநீர் வரவில்லை. நியாயம்தான். நான் நம்பர் விடயத்தையும் தொங்கிய வயரையும் சொன்னேன். இவ்வளவு நடந்த பிறகு அவர் முதலில் சொன்னது, "அந்த போல்ட்ட இறுக்காம உட்டது எங்கட பிழ சேர். பொடியன்தான் பூட்டின, நான் ஒருக்காக் கை வெச்சுப் பாத்திருக்கணும்" என்பதுதான். கராஜில் பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் வேலை பழகுகிறான். அவன் தலையில் போடவில்லை.

"எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே சேர்" என்றார். "எடுத்திருந்தா வெள்ளாப்பிலயே ஓடி வந்திருப்பன்."

கோல் எடுக்கத் தோன்றாதது ஏன் என்று அவரிடம் சொல்ல எனக்கு ஒரு பதிலும் இருக்கவில்லை. இப்போதும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒருவர் பாதி கழற்றிய வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். சனிக்கிழமை எஞ்சின் வேலைக்கு வர இருந்தவர் போனை எடுக்கவில்லையாம். "வேற ஆக்கள் எழுதினா சண்ட புடிப்பன் சேர். நீங்க எழுதினா எல்லாரும் நம்புவாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பதிவை இப்போதே அழிக்கிறேன் என்று போனை எடுத்தேன். வேண்டாம் என்றார். "அழிச்சா, காசு குடுத்து அழிக்க வெச்சான்னுதான் கத வரும். என்ன நடந்ததோ அத எழுதுங்க. என்ட பிழயயும் சேத்து எழுதுங்க." இந்தப் பதிவு இப்படி நீளமானதற்குக் காரணம் அதுதான்.

இன்று காலை அவரே வந்து புது எர்த் வயர் போட்டு, 14 ஸ்பனரால் இறுக்கி, சோக் கேபிளும் மாற்றித் தந்தார். எர்த் வயருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார், சரி என்றேன். சோக் கேபிள் நான் சுட்டது, அதற்குக் கொடுத்தேன். அதற்கே கொஞ்ச நேரம் இழுபறி நடந்தது. உம்மா அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்து, "மனே, இவன் சின்னதிலயும் இப்பிடித்தான்" என்றார்.

போகும்போது அவர் சொன்ன ஒன்றையும் எழுதிவிடுகிறேன், பலருக்கு உதவும். வேலைக்குக் கொடுத்த வாகனம் திரும்பி வந்து ஸ்டார்ட் ஆகாவிட்டால், புதிதாக எது பழுதானது என்று தேடுவதற்கு முன் எங்கெல்லாம் கழற்றினார்கள் என்று பார்க்க வேண்டுமாம். கிளச் வேலை என்றால் ஸ்டார்டர் வயரும் எர்த்தும். ஹெட் வேலை என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் திரும்பிப் பூட்டப்பட்டிருக்கிறதா, பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கின்றனவா. வேலைக்குக் கொடுக்கும் முன் பெட்டரி நம்பரை ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது. வாகனச் சொந்தக்காரருக்கும் நல்லது, கராஜ்காரருக்கும் நல்லது.

பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் மேலே இந்த விடயத்தை எழுதி, கொமன்ட்களை மூடியிருக்கிறேன். கராஜின் பெயர் வந்த கொமன்ட்களை மட்டும் நீக்கிவிட்டேன். அந்தப் பதிவை நாற்பத்து மூன்று பேர் பகிர்ந்திருந்தீர்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறேன், இதையும் அதேபோல் பகிருங்கள். ஜும்ஆவில் என்னிடம் கேட்டுவிட்டு வீட்டில் போய்ச் சொன்னவர்கள், தயவுசெய்து வீட்டில் இதையும் சொல்லுங்கள். வேனை இழுத்துக்கொண்டு போன சகோதரர் யாரென்று எனக்குத் தெரியாது. இதை வாசித்தால் எனக்கு ஒரு கோல் எடுங்கள். வேனைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது நானும் கூட வருகிறேன்.